தேவனார் மேட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் தாராவி, செம்பூர், கோவண்டி பக்கம் இருக்கும் நம் ஆட்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். முன்பெல்லாம் குழாய்த் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பார்கள். 2024-ல் தேவனார் குப்பைமேட்டு நிலத்தில் 124 ஏக்கரை, தாராவி மறுசீரமைப்பில் இடம் மாற்றப்படுபவர்களுக்கு வீடு கட்ட அரசு ஒதுக்கியதிலிருந்து, கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் பேச்சு அந்த மேட்டில் வந்து நிற்கிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இருக்கின்றன.

புதைச்சா எல்லாம் மண்ணோட மண்ணாயிடும்னு சொல்றாங்களே, நிஜமா?

பாதிதான் நிஜம். மக்குவது என்றால் நுண்ணுயிர்கள் தின்பது. அவை தின்றவை வாயுவாகவும் நீராகவும் கொஞ்சம் கறுப்பு மண்ணாகவும் மாறும். தின்ன முடியாதவை எத்தனை வருஷமானாலும் அப்படியே கிடக்கும். மூன்றாவதாக ஒரு வகை உண்டு: பாதி தின்னப்பட்டு வேறொரு பொருளாக மாறி நிற்பது. எனக்கு அதிகம் கவலை தருவது அந்த வகைதான். அதைக் கீழே டிரை கிளீனிங் கேள்வியில் சொல்கிறேன்.

கோவண்டியில் பழைய குப்பை கொட்டி நிரப்பிய தரையில் இருக்கும் எங்கள் உறவினர் வீட்டைத் திருத்திக் கட்ட 4 அடி தோண்டினார்கள். நானும் பக்கத்தில் நின்றேன். மேலே செங்கல் சல்லி, அதன் கீழே களி மாதிரி கறுப்பு மண். அதிலிருந்து ஒரு பால் பாக்கெட் வந்தது. கழுவினால் எழுத்தை வாசிக்க முடிந்தது. ஒரு தேங்காய்ச் சிரட்டை, ஒரு செருப்பின் அடிப்பாகம், நைலான் கயிறு வந்தன. சோறு, காய்கறித் தோல், வாழைப்பழத் தோல் என்று ஒன்றின் அடையாளமும் இல்லை. இன்னொன்றையும் கவனித்தேன். காலையில் வெளியே போட்ட கறுப்பு மண் சாயங்காலத்துக்குள் ஓரமெல்லாம் பழுப்பாகிவிட்டது. இது பின்னால் ஒரு பதிலுக்கு வேண்டியிருக்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்க வீட்டுத் தொட்டியில ரெண்டு மாசத்துல உரமாகுது. தேவனார்ல மட்டும் ஏன் வருஷக்கணக்கா ஆகுது?

காற்றுதான் காரணம். உங்கள் தொட்டியில் நீங்கள் கிளறிவிடுகிறீர்கள், ஆக்சிஜன் உள்ளே போகிறது. குப்பைமேட்டில் லாரி லாரியாகக் கொட்டி அழுத்தும்போது உள்ளே சிக்கிய ஆக்சிஜன் சில நாட்களிலோ வாரங்களிலோ தீர்ந்துவிடும். அப்புறம் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களின் ராஜ்ஜியம். அவற்றின் வேலை மெதுவாகத்தான் நடக்கும்.

முதலில் இட்லி மாவு புளிப்பதைப் போல ஒரு கட்டம். மாவுப் பொருளையும் சர்க்கரையையும் புரதத்தையும் உடைத்து அமிலமாக்கும் பாக்டீரியாக்கள் பெருகும். அப்புறம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் விடும் உயிரிகள் வர வேண்டும். சாண எரிவாயுக் கலனில் இருப்பவையும் இதே கூட்டம்தான். ஆனால் அவற்றுக்குப் புளிப்பு ஆகாது. அமிலம் மிஞ்சிப் போனால் அவை தலையெடுக்க முடியாமல், குப்பை ஊறுகாய் போட்ட மாதிரி கெடாமல் நிற்கும். இந்தப் புளிப்புக் கட்டம் சில மாதங்களில் முடிவதும் உண்டு, சில வருஷம் இழுப்பதும் உண்டு. மீத்தேன் கட்டம் பல பத்தாண்டுகள் ஓடும். தேவனாரில் 1927 முதல் கொட்டுகிறார்கள், அதனால் அங்கே எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் வேறு வேறு மூலையில் நடந்துகொண்டிருக்கிறது.

எது மக்க எத்தனை வருஷம்? வாட்ஸ்அப்ல ஒரு லிஸ்ட் வருதே.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே எண் போட்டிருப்பார்கள். அப்படி ஒரே எண் கிடையாது. பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2006-ல் வெளியிட்ட வழிகாட்டியில் வெப்பமும் மழையும் மிகுந்த இடங்களுக்குத் தரும் கணக்கு இது: உணவுக் கழிவு பாதியாகக் குறைய சுமார் 2 வருஷம், காகிதத்துக்கு 10, மரத்துக்கு 20. குளிரும் வறட்சியுமான நாட்டில் அதே உணவு பாதியாகவே 12 வருஷம் ஆகும். மும்பை முதல் வகையில் வருகிறது.

பாதியாவது வேறு, தீர்ந்து போவது வேறு. மரத்திலும் செய்தித்தாளிலும் சிரட்டையிலும் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. காற்றில்லாத இடத்தில் அதை அனேகமாக எதுவும் தொடுவதில்லை. அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ராத்ஜே, தொல்லியல்காரர் மண்ணைத் தோண்டுவது போலக் குப்பைமேடுகளைத் தோண்டிப் பார்த்தார். பல பத்தாண்டு பழைய செய்தித்தாள்கள் வாசிக்கும்படி கிடைத்தன. அவற்றில் இருந்த தேதியை வைத்தே சுற்றியிருந்த குப்பையின் வயதைக் கணக்கிட்டார்கள்.

அப்போ மும்பை மழை நல்லதுதானே? ஈரம் இருந்தா சீக்கிரம் மக்கும்ல?

சீக்கிரம் மக்கும், உண்மை. மும்பையின் இன்னொரு குப்பைக் கிடங்கான காஞ்சூர்மார்க்கில், குப்பையிலிருந்து கசியும் நீரைத் திரும்பக் குப்பைக்குள்ளேயே விட்டு ஈரமாக வைத்து மக்க வைக்கும் முறையைக் கையாள்கிறார்கள். ஆனால் அடியில் தடுப்பு இருந்தால்தான் அது நல்லது. இந்த ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் குப்பை வழியாக இறங்கும்போது கரையக்கூடிய அத்தனையையும் எடுத்துக்கொண்டு போகும். அதுதான் கசிவுநீர்.

புதுக் குப்பையின் கசிவுநீர் புளித்த வாடையோடு வரும். அதில் இருப்பதை நுண்ணுயிர்கள் எளிதில் தின்னும். பழைய குப்பையின் கசிவுநீர் டிகாஷன் நிறத்தில் இருக்கும். எளிதில் தின்னக்கூடியது தீர்ந்துபோய், தின்ன முடியாத பழுப்புப் பொருளும் அமோனியாவும் மிஞ்சியிருக்கும். காற்றில்லாத இடத்தில் அமோனியா தீர வழி இல்லை, அதனால் மேட்டை மூடிப் பல வருஷம் கழித்தும் அது வந்துகொண்டிருக்கும். 2016-ன் திடக்கழிவு விதிகள், அடியில் 90 செ.மீ. இறுகிய மண்ணும் அதன்மேல் 1.5 மி.மீ. பிளாஸ்டிக் விரிப்பும் கேட்டன. தேவனார் அந்த விதிகளுக்கெல்லாம் முந்திய மேடு. பக்கத்திலேயே தானே கழிமுகம், அலையாத்திக் காடு, பூநாரைகள்.

நாத்தம் அடிச்சா மீத்தேன்தானே? அந்தப் பக்கம் போனதுலேர்ந்து வெள்ளிக் கொலுசு கறுத்துப் போகுது அக்கா.

மீத்தேனுக்கு வாடையே கிடையாது. அழுகின முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற கந்தக வாயு. வெள்ளி அதோடு சேர்ந்தால் வெள்ளி சல்ஃபைடு ஆகிக் கறுக்கும். சோப்பிலும் வியர்வையிலும்கூட வெள்ளி கறுக்கும். ஆனால் பூஜை அறையில் தொடாமல் வைத்த வெள்ளிக் குங்குமச்சிமிழும் வாரத்துக்குள் கறுத்தால் காற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். மாலாடில் மூடிய பழைய குப்பைமேட்டின் மேல் அலுவலகங்கள் எழுந்த பிறகு, கணினிகளுக்குள் உலோகப் பாகங்கள் அரித்துப் பழுதாயின. அப்போது அது பெரிய செய்தி.

கந்தகம் எங்கிருந்து வருகிறது? முட்டை, இறைச்சி மாதிரிப் புரதங்களிலிருந்து கொஞ்சம். கட்டட இடிபாட்டோடு வரும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலிருந்து நிறைய. அது கால்சியம் சல்ஃபேட். காற்றில்லாத ஈரத்தில் சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் சல்ஃபேட்டைப் பிடித்துக்கொண்டு வாழும், கழிவாக இந்த வாயுவை விடும். உடைத்த ஃபால்ஸ் சீலிங்கை ஈரக் குப்பையோடு சேர்க்காதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

யாரும் கொளுத்தாமலே எப்படித் தீப்பிடிக்குது?

மேட்டுக்குள்ளிருந்து வரும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் ஒரு பொறி போதும். பொறி செம்புக் கம்பிக்காக வயர் எரிப்பவரிடமிருந்தும் வரலாம், உள்ளேயிருந்தும் வரலாம். மேட்டின் சரிவில் விரிசல் விழுந்து காற்று புகுந்தால், காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் விழித்து வேகமாகத் தின்னத் தொடங்கும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்க் கங்காகக் கனியும்.

2016 ஜனவரியில் தேவனார் எரிந்தது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். புகை விண்வெளியிலிருந்து எடுத்த படத்தில் தெரிந்தது, பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். அப்படிப்பட்ட தீயை மேலே தண்ணீர் அடித்து மட்டும் அணைக்க முடியாது. கங்குகளைத் தோண்டிப் பரப்பி அணைக்க வேண்டும், மண் போட்டுக் காற்றை அடைக்க வேண்டும். எரியும்போது அந்தக் குப்பையில் பி.வி.சி. பிளாஸ்டிக் இருந்தால் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், அது எளிதில் மக்காது.

கடையில மக்கும் பைன்னு பச்சை எழுத்துல போட்டுத் தர்றாங்க. அதைப் புதைச்சா மக்குமா?

அந்தப் பைகளுக்கான தரநிலை 58 டிகிரி சூடும் காற்றோட்டமும் உள்ள உரக் கூடத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. அங்கே 180 நாளில் 90 சதவீதம் சிதைந்து கரியமில வாயுவாக வேண்டும். குப்பைமேட்டில் காற்று கிடையாது. சோள மாவு கலந்த பகுதி மீத்தேனாகும், மீதி அப்படியே கிடக்கும். வெறும் பாலித்தீனில் ஏதோ ரசாயனம் சேர்த்து மக்கும் என்று விற்பதும் இருக்கிறது. அது தூள் தூளாகும், அவ்வளவுதான். தூள் மண்ணாகாது. துணிப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஜப்பான்ல பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா கண்டுபிடிச்சிட்டாங்களாமே?

ஆமாம், 2016-ல் வெளிவந்தது. சகாய் நகரில் பாட்டில் மறுசுழற்சி செய்யும் இடத்தில் எடுத்த மாதிரியில் கிடைத்தது. அது தின்பது தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் வகையை மட்டும். அதிலும் மெல்லிய படலத்தை, 30 டிகிரியில், 6 வாரத்தில். காற்றும் வேண்டும். நம் பால் பாக்கெட் பாலித்தீன். அதன் கார்பன் சங்கிலியில் நுண்ணுயிர் பல் பதிக்க இடமே இல்லை. முதல் கேள்வியில் சொன்ன பாக்கெட்டை நினைத்துப் பாருங்கள்.

எங்க பட்டறைத் தோல் துண்டு? தோல் இயற்கைதானே அண்ணி?

பச்சைத் தோல் அழுகும். அழுகக் கூடாது என்பதற்காகத்தானே பதனிடுகிறோம். குரோமியம் போட்டுப் பதனிட்ட தோலில் புரத இழைகளைக் குரோமியம் பூட்டிவிடுகிறது, நுண்ணுயிரின் நொதியால் திறக்க முடியாது. நம் ஊரில் ஆவாரம்பட்டையில் பதனிடும் தோல் மெதுவாகவாவது சிதையும். குரோம் துண்டுகளை எரித்துவிடவும் கூடாது. எரித்தால் அதிலுள்ள குரோமியத்தில் ஒரு பங்கு நச்சு மிகுந்த ஆறு இணைதிற வடிவத்துக்கு மாறும்.

காலாவதி மாத்திரை, குழந்தை டயப்பர் எல்லாம்?

மாத்திரை மருந்துக்கு மருந்து மாறும். பாராசிட்டமால் எளிதில் சிதையும். வலிப்புக்குத் தரும் கார்பமாசெபின் சிதைய மறுத்துக் கசிவுநீரில் அப்படியே வரும். ஆன்டிபயாடிக் போனால், அதைத் தாங்கப் பழகிய பாக்டீரியாக்கள் அங்கே பெருக இடம் கிடைக்கும். டயப்பரின் பஞ்சு மக்கும். ஈரத்தை இழுக்கும் மணியும் மேலுறையும் மக்காது.

டிரை கிளீனிங் கெமிக்கல், டிக்ரீசர் எல்லாம் மண்ணுக்குள்ள போனா உடைஞ்சு போயிடுமாமே? அப்புறம் என்ன பயம்?

உடைந்து என்னவாகிறது என்று கேட்க வேண்டும். டிரை கிளீனிங்கில் பயன்படும் பெர்குளோரோஎத்திலீனில், சுருக்கமாகப் பெர்க், நான்கு குளோரின் அணுக்கள். காற்றில்லாத மண்ணில் பாக்டீரியாக்கள் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றும். நான்கு மூன்றாகும், அது டிரைகுளோரோஎத்திலீன். மூன்று இரண்டாகும். இரண்டு ஒன்றானால் வினைல் குளோரைடு. அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பொருள், தொடங்கிய பொருளைவிடக் கெடுதல். கடைசிக் குளோரினையும் கழற்றினால் மிஞ்சுவது எத்திலீன், வாழைக்காய் பழுக்கும்போது விடும் அதே வாயு, பயமில்லை. ஆனால் கடைசி வரை போகத் தெரிந்தவை மிகச் சில, முக்கியமாக டிஹாலோகொக்காய்ட்ஸ் என்ற பாக்டீரியாக் கூட்டம். அப்படிப்பட்டவை இல்லாத மண்ணில் வேலை நடுவழியில் நின்றுவிடும்.

பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன்: அறிக்கையில் பெர்க் இல்லை என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். வினைல் குளோரைடு பார்த்தார்களா என்று கேளுங்கள். பூச்சிமருந்து டி.டி.டி.யும் (DDT) இப்படித்தான், காற்றுள்ள இடத்தில் DDE என்ற பொருளாகும், காற்றில்லாத இடத்தில் ஒரு குளோரின் குறைந்து DDD என்ற இன்னொரு பொருளாகும். பெயர் மாறுமே தவிர நஞ்சு தீராது.

எதுவுமே தின்னாத கெமிக்கல்னு ஒண்ணு இருக்கா?

இருக்கிறது. தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாதபடி காகிதத்துக்கும் துணிக்கும் பூசும் ஃபுளூரின் சேர்மங்கள். கார்பனும் ஃபுளூரினும் பிடித்த பிடி அவ்வளவு வலுவானது. மேட்டுக்குள் அவற்றில் சில உருமாறும். உருமாறி, இன்னும் நிலையான ஃபுளூரின் சேர்மமாகவே கசிவுநீரில் வரும்.

பேட்டரி, பழைய டி.வி.ல இருக்கற ஈயமெல்லாம்?

ஈயம், காட்மியம், பாதரசம் எல்லாம் தனிமங்கள். உடைக்க ஒன்றும் இல்லை, இடமும் உருவமும்தான் மாறும். புளிப்புக் கட்டத்தில் அவை கரைந்து நீரோடு நகரும். மீத்தேன் கட்டத்தில் கொலுசைக் கறுக்க வைத்த அதே சல்ஃபைடு அவற்றைப் பிடித்துக் கரையாத கறுப்புப் பொருளாக்கி உட்கார வைக்கும். அதுவரை நல்லது. ஆனால் காற்றுப் பட்டால் சல்ஃபைடு பிடி விடும். கோவண்டிக் குழியின் கறுப்பு மண் சாயங்காலத்தில் பழுப்பானது, அதிலிருந்த இரும்பு சல்ஃபைடு காற்றில் துருவானதால்தான். இரும்புக்கு நடப்பது மற்ற உலோகத்துக்கும் நடக்கும்.

போர் தண்ணி வரும்போது தெளிவா இருக்கு, பக்கெட்டுல வெச்சா மஞ்சளாகுது. கொதிக்க வெச்சுக் குடிக்கலாமா?

வேண்டாம். ஆக்சிஜன் இல்லாத நிலத்தடியில் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள துருவைப் பிடித்து மூச்சு விடுகின்றன. துரு கரைந்து தண்ணீரில் கலக்கிறது. பக்கெட்டில் காற்றுப் பட்டதும் திரும்பத் துருவாகிறது. இரும்பு மட்டும் என்றால் பெரிய ஆபத்தில்லை. மும்பை மண்ணில் குப்பை இல்லாமலும் இரும்பு வரும். மேட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும், அமோனியாவும் குளோரைடும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் கூடியிருந்தால் கசிவுநீர் வந்து சேர்ந்துவிட்டது என்று நினைக்க இடமுண்டு. கொதித்தால் கிருமி சாகும். உப்பும் உலோகமும் தண்ணீர் வற்றிய அளவுக்குக் கூடத்தான் செய்யும்.

தோண்டிச் சலிச்சு எடுத்துட்டா நிலம் சுத்தமாயிடும்தானே? அந்த மண்ணுல கீரை போடலாமா?

தேவனாரில் சுமார் 185 லட்சம் டன் பழைய குப்பையை இப்படி அகற்றத்தான் மாநகராட்சி 2025-ல் டெண்டர் விட்டது. மேட்டை வெட்டி வரிசை வரிசையாகக் குவித்து, சில வாரம் புரட்டிப் போட்டுக் காற்று காட்டி, பிறகு சலிக்கிறார்கள். பிளாஸ்டிக்கும் துணியும் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகும், கல் பள்ளம் நிரப்பப் போகும், சலித்த மண் மிஞ்சும். முறை நல்ல முறை, கும்பகோணத்திலும் பெருங்குடியிலும் நடந்ததுதான். நுண்ணுயிர்க் கரைசல் தெளிப்பதைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். வேலையில் பெரும்பங்கு காற்றுக்கும் புரட்டுதலுக்கும்தான். நுண்ணுயிர்கள் அங்கே ஏற்கெனவே கோடிக்கணக்கில் இருக்கின்றன.

காற்று காட்டும்போது உலோகத்துக்கு என்ன ஆகும் என்று முந்தைய பேட்டரிக் கேள்வியில் சொல்லிவிட்டேன். அதனால் சலித்த மண்ணில் கீரை வேண்டவே வேண்டாம். காட்மியத்தை இலைக்குள் இழுப்பதில் கீரை கெட்டிக்காரி. அப்புறம், குப்பையை எடுத்தாலும் அதன் அடியில் இத்தனை வருஷம் கசிவுநீர் குடித்த மண் அங்கேயேதான் இருக்கும்.

அங்க வீடு குடுத்தா போகலாமா அக்கா? ஒரு வார்த்தை சொல்லுங்க.

ஒரு வார்த்தையில் சொன்னால் அது பொறுப்பில்லாத பதில். 2016-ன் விதிகள் என்ன சொன்னன என்றால், மூடிய மேட்டை 15 வருஷம் கண்காணித்து, வாயுவும் கசிவுநீரும் வரம்புக்குள் வந்து, மண் இறங்காமல் நிலைத்த பிறகுதான் குடியிருப்பைப் பற்றி யோசிக்கலாம். குப்பையை முழுதாக அகற்றிவிட்டால் அந்த 15 வருஷக் கணக்கு மாறுகிறது என்று வாதிடலாம். ஆனால் அந்த 15 வருஷம் எதற்காக வைத்தார்களோ அந்தச் சோதனைகள் வேண்டாம் என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் நயாகரா ஃபால்ஸ் ஊரில் லவ் கால்வாய் என்ற பள்ளத்தில் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்து, மண் போட்டு மூடி, மேலே பள்ளிக்கூடமும் பக்கத்தில் வீடுகளும் கட்டினார்கள். 1978-ல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டி வந்தது.

கூட்டம் போட்டால் இவற்றைக் கேளுங்கள். குப்பை எடுத்த பிறகு அடிமண்ணை எத்தனை அடி ஆழம் வரை, எத்தனை இடத்தில் எடுத்துப் பார்த்தீர்கள்? தரைக்கு அடியில் மீத்தேன் எவ்வளவு, மழைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு? நிலத்தடி நீரில் வினைல் குளோரைடும் ஈயமும் பார்த்தீர்களா? பக்கத்து மேட்டில் வேலை நடக்கும்போதே எங்களைக் குடியேற்றுவீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். என் தம்பி குடும்பமும் அங்கே வீடு கொடுக்கப்படுபவர்கள் பட்டியலில் வரலாம், அவனிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறேன். மராத்தியில் மனு எழுத வராதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தால் நான் எழுதித் தருகிறேன்.